ஏழாவது ஊசி: கதிர்வீச்சுக்குப் பின் ஹார்மோன் சிகிச்சையை எங்கே நிறுத்துவது? – ஒரு நிகழ்வு ஆய்வு

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்த பிறகு ஹார்மோன் ஊசியை (ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசியை) எத்தனை மாதம் தொடர வேண்டும் என்ற கேள்விக்கு வழிகாட்டு நெறிமுறைகள் ஒரு வரம்பைத்தான் தருகின்றன. அந்த வரம்புக்குள் எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு நோயாளியை முன்னே வைத்தும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்கே விவரிக்கப்படும் நோயாளி 18-ஆம் மாதத்தோடு நிறுத்திவிட விரும்பினார். அவருடைய மகன் 36 மாதமும் முழுதாகப் போட வேண்டும் என்றார். எங்கள் மருத்துவக் குழுவுக்குள்ளேயே 24 மாதம் போதும் என்று ஒரு கருத்து இருந்தது. மூன்றுக்கும் ஆதாரம் உண்டு என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நோயாளி யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் நோயும்

சோழவந்தானை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்த அவருக்கு எங்களிடம் வந்தபோது வயது 69. வெற்றிலைக் கொடிக்கால் வைத்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். அக்கம்பக்கத்தில் பலர் கொடிக்காலை அழித்துத் தென்னைக்கு மாறிய பிறகும் அரை ஏக்கரை மட்டும் விடாமல் வைத்திருந்தார். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. 6 ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருந்ததைச் சர்க்கரையின் மீது பழி போட்டு நெடுநாள் ஓட்டியிருக்கிறார். எங்கள் பகுதியில் இது புதிதல்ல. சர்க்கரை உள்ளவருக்கு எது வந்தாலும் அது சர்க்கரையால்தான் என்று வீட்டாரும், சில வேளைகளில் மருத்துவர்களும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டு ஒருநாள் இரவு குழாய் போட வேண்டி வந்தபோதுதான் புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் இரத்த அளவான பி.எஸ்.ஏ. பார்க்கப்பட்டது, ஒரு மில்லிலிட்டருக்கு 27 நானோகிராம். ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்த்ததில் புராஸ்டேட் சுரப்பியின் இடது பக்கம் கல் போல் இறுகியிருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி சுரப்பியின் உறையை இடப்பக்கம் தாண்டியிருந்தது, விந்துப்பைகளுக்குள் பரவவில்லை. ஆகவே டி3ஏ நிலை. பயாப்ஸியில் க்ளீசன் (புற்றுச் செல்களின் வீரியத்தைக் காட்டும் எண், 10 மிகக் கடுமையானது) 4+3=7 என்று வந்தது. புராஸ்டேட் புற்றுச் செல்களை உடல் முழுவதும் தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் நிணநீர்க் கணுக்களிலோ எலும்பிலோ நோய் தென்படவில்லை.

பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், நோய் உறையைத் தாண்டியது என்ற இரண்டு காரணங்களால் இவர் உயர் ஆபத்துப் பிரிவில் வருகிறார். ஆனால் மிக உயர் ஆபத்துப் பிரிவில் வர மாட்டார். ஸ்டாம்பீட் என்ற பிரிட்டிஷ் ஆய்வு, பரவாத நோய் உள்ளவர்களில் டி3 அல்லது டி4 நிலை, க்ளீசன் 8 முதல் 10, பி.எஸ்.ஏ. 40 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருப்பவர்களுக்கும், கணுக்களில் நோய் உள்ளவர்களுக்கும் ஊசியோடு, ஆண் ஹார்மோன் உற்பத்தியை மேலும் தடுக்கும் அபிரடெரோன் மாத்திரையை 2 ஆண்டுகள் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. 6 ஆண்டு முடிவில் நோய் வேறிடம் பரவாமல் உயிரோடு இருந்தவர்கள் 69 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடாக உயர்ந்தார்கள். எங்கள் நோயாளிக்கு அந்த மூன்றில் ஒன்றுதான் இருந்தது. அபிரடெரோன் பேச்சை அத்துடன் விட்டுவிட்டோம். இரத்தக் கொதிப்பும் இதயக் கோளாறும் உள்ளவருக்கு அந்த மாத்திரையைக் காரணமில்லாமல் தருவதற்கில்லை.

கொடுக்கப்பட்ட சிகிச்சை

ஐப்பசியில் முதல் ஊசி போடப்பட்டது: லியூப்ரோலைடு 22.5 மி.கி., மூன்று மாதத்துக்கு ஒன்று. இந்த ஊசி தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சில நாட்களுக்குக் கூட்டிவிட்டுப் பிறகே அடக்கும் என்பதால், அந்த இடைவெளியைக் கடக்கப் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகாலுடமைட் மாத்திரை முன்கூட்டியே தொடங்கப்பட்டு ஒரு மாதம் கொடுக்கப்பட்டது. தை மாதத்தில் கதிர்வீச்சு. சுரப்பிக்கு மட்டும் கொடுப்பதா, இடுப்புக்கும் சேர்த்தா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. பி.எஸ்.ஏ. அளவில் மூன்றில் இரண்டு பங்கு 18. க்ளீசன் எண்ணில் 6-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 10. இரண்டையும் கூட்டினால் இடுப்புக் கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத நோய் இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு என்று வருகிறது. பழைய சூத்திரம்தான், கொஞ்சம் மிகைப்படுத்தும் என்றும் தெரியும். ஆனாலும் இந்த வாய்ப்பு 20 விழுக்காட்டைத் தாண்டியவர்களுக்கு இடுப்புப் பகுதி முழுவதையும் சேர்த்துக் கதிர் கொடுப்பதற்கு நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ஆய்வு துணை நிற்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 224 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட பாப்-ஆர்டி ஆய்வில், சுரப்பிக்கு மட்டும் கதிர் பெற்றவர்களில் 81.2 விழுக்காட்டினரும் இடுப்புக்கும் சேர்த்துப் பெற்றவர்களில் 95 விழுக்காட்டினரும் 5 ஆண்டு முடிவில் பி.எஸ்.ஏ. மறுபடி உயராமல் இருந்தார்கள். அதே முறையில் இவருக்கும் 25 தவணைகளில் சுரப்பிக்கு 68 கிரே (கதிர்வீச்சின் அளவு அலகு), இடுப்புக் கணுப் பகுதிக்கு 50 கிரே கொடுக்கப்பட்டது. ஐந்து வாரமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டு போனார். கொஞ்சம் வயிற்றுப்போக்கும் சிறுநீர் எரிச்சலும் இருந்து, மாசி முடிவதற்குள் அடங்கின.

சிகிச்சை தொடங்குமுன் நெருங்கிய உறவினர் ஒருவர் சொன்ன யோசனையையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் இது பல வீடுகளில் எழுகிறது. விரைகளை அறுவை செய்து எடுத்துவிட்டால் ஊசிச் செலவே இல்லையே, ஒரேயடியாக முடித்துவிடலாமே என்றார் அவர். சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் வெளியிட்டு, 1966-இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பின் அடிப்படையே அதுதான். எலும்புக்குப் பரவிய நோய்க்கு, வாழ்நாள் முழுவதும் ஹார்மோனை அடக்க வேண்டியவர்களுக்கு, இன்றும் அது குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் நல்ல சிகிச்சை. ஆனால் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அறுவை செய்தவருக்கு அந்த நாள் வராது. மூன்று மாதத்துக்கொரு முறை ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து நாம் வாங்குவது மருந்தை மட்டுமல்ல, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் வசதியையும்தான் என்று அந்த உறவினருக்கு விளக்கினோம்.

15-ஆம் மாதத்து நிலவரம்

பி.எஸ்.ஏ. அளவில் குறை சொல்ல எதுவுமில்லை. கதிர்வீச்சு தொடங்கும் முன்பே 1.1-க்கு இறங்கி, ஓராண்டு நிறையும்போது 0.02 ஆகியிருந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 12 நானோகிராம், முழுதாக அடங்கியிருந்தது.

மற்றவை எல்லாம் எதிர்த்திசையில் போயின. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4-லிருந்து 8.9 ஆயிற்று, மாத்திரைகளோடு இரவு இன்சுலினும் சேர்ந்தது. எடை 6 கிலோ கூடியது, அத்தனையும் வயிற்றில். தொடையும் தோளும் மெலிந்தன. ஹீமோகுளோபின் 13.2-லிருந்து 11.1-க்குக் குறைந்தது. தொடங்கும்போதே எடுத்து வைத்திருந்த எலும்புத் திண்மை ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் −1.8 ஆக இருந்தது, இப்போது −2.6, அதாவது எலும்புத் தேய்மான நோய் என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்திருந்தும், வயிறு கட்டிக்கொள்கிறது என்று பாதி நாள் சாப்பிடவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் சோதனையை முதலில் 11 விநாடியில் முடித்தவர் இப்போது 18 விநாடி எடுத்தார்; நான்காவது முறை எழும்போது கை தானாகவே நாற்காலிப் பிடியைத் தேடியது. அதற்கு முந்தைய மாதம் வாய்க்கால் வரப்பில் சறுக்கி விழுந்திருக்கிறார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை.

எண்ணில் வராதவையும் இருந்தன. "ஒடம்புல தெம்பே இல்ல சார். வெத்தலக் கட்டத் தூக்கி சைக்கிள்ல வைக்க முடியல" என்றார். கொடிக்காலில் அகத்தியில் ஏற்றிய கொடியைப் பருவம் பார்த்து இறக்கிக் கட்டுவது நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் வேலை; அந்த ஆண்டு அதைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்திருக்கிறார். அதில் அவருக்குக் கூலியைவிட மனக்குறையே பெரிதாக இருந்தது. அவருடைய மனைவி வேறொன்று சொன்னார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு முத்தத்துல போயி உக்காந்துக்கிறாரு. சட்ட தொப்பலா நனைஞ்சு கெடக்கு. யாரு கூடயும் பேச்சு இல்ல." மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களுக்கு வரும் அதே திடீர் வெப்பமும் வியர்வையும்தான் அது. பங்குனி, சித்திரையில் மதுரை வட்டாரத்தில் இரவும் குளிராது என்பதால், இந்த ஊசி போட்டவர்களுக்குக் கோடை இரண்டு மடங்காகிறது. தாம்பத்திய நாட்டம் அற்றுப்போனதை அவராகச் சொல்லவில்லை. தனியாகக் கேட்டபோது தலையசைத்தார்.

இதயத்தைப் பொறுத்தவரை புதிய கோளாறு எதுவும் இல்லை. எக்கோவில் இதயத்தின் இறைப்புத் திறன் 45 விழுக்காடு, முன்பிருந்த அதே அளவு. ஆனால் சர்க்கரையும் எடையும் போகும் போக்கைப் பார்த்த இதய மருத்துவர், ஊசியை இன்னும் எவ்வளவு காலம் போடப் போகிறீர்கள் என்று எங்களைக் கேட்டு எழுதியிருந்தார்.

ஆறாவது ஊசி தையில் போடப்பட்டது. அதன் பிடி 18 மாதம் நிறையும் வரை இருக்கும். ஏழாவதைப் போடுவதா என்று சித்திரைக்குள் முடிவு செய்ய வேண்டும்.

36, 24, 18

மகன் சென்னையில் வேலை பார்ப்பவர். அங்கே ஒரு மருத்துவரிடம் காகிதங்களைக் காட்டி, உயர் ஆபத்து நோய்க்கு 3 ஆண்டுகள் என்பதே முறை என்ற பதிலோடு வந்திருந்தார். அந்தப் பதில் தவறல்ல. ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் 2 முதல் 3 ஆண்டு என்றே சொல்கிறது. அதற்கு அடித்தளமான ஆய்வு, 1987-க்கும் 1995-க்கும் இடையில் ஐரோப்பாவில் 415 பேரைச் சேர்த்துச் செய்யப்பட்டது: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 10 ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 39.8 விழுக்காடு; அதோடு 3 ஆண்டு ஊசியும் பெற்றவர்களில் 58.1 விழுக்காடு. ஊசி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை இந்த ஆய்வு தீர்த்துவைத்தது. எவ்வளவு காலம் என்ற கேள்வி இதில் கேட்கப்படவே இல்லை. 3 ஆண்டு என்பது ஆய்வைத் திட்டமிட்டவர்கள் தேர்ந்துகொண்ட அளவு. வெவ்வேறு கால அளவுகளை ஒப்பிட்டு அதில் வென்று வந்த எண் அல்ல. இந்த வேறுபாட்டை மருத்துவர்களான நாமே பல வேளை மறந்துவிட்டு, 36 என்பதை ஏதோ உடலியல் மாறிலி போல் பேசுகிறோம்.

கால அளவை நேரடியாக ஒப்பிட்டவை பின்னால் வந்தன. அதே ஐரோப்பியக் குழு 970 பேரிடம் 6 மாதத்தையும் 36 மாதத்தையும் ஒப்பிட்டு 2009-இல் முடிவை வெளியிட்டது. 5 ஆண்டில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 6 மாதப் பிரிவில் 19 விழுக்காடு, 36 மாதப் பிரிவில் 15.2 விழுக்காடு. ஆக, 6 மாதம் போதாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,071 பேரிடம் நடந்த ரேடார் ஆய்வு 6 மாதத்தையும் 18 மாதத்தையும் ஒப்பிட்டது. 10 ஆண்டில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 13.3 விழுக்காட்டிலிருந்து 9.7 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஆக, 6-லிருந்து 18-க்குப் போவதிலேயே உயிர்ப் பலன் கிடைக்கிறது. எஞ்சும் கேள்வி, 18-லிருந்து 36-க்குப் போனால் மேற்கொண்டு என்ன கிடைக்கிறது என்பது. இதை நேருக்கு நேர் கேட்டது கனடாவின் பி.சி.எஸ்.-4 ஆய்வு. 2018-இல் வெளியான அதன் முடிவில் 630 பேரில் 10 ஆண்டு உயிர்வாழ்வு இரண்டு பிரிவிலும் 62 விழுக்காடுதான். 18 மாதப் பிரிவினரின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது.

இதை வைத்து 18-ம் 36-ம் சமம் என்று சொல்லிவிட முடியாது. 36 மாதம் மேலானதா என்று கேட்க வடிவமைக்கப்பட்ட ஆய்வு அது; 18 மாதம் குறைந்ததல்ல என்று நிறுவ வடிவமைக்கப்பட்டதல்ல. பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறியவர்கள் 18 மாதப் பிரிவில் சற்று அதிகம். மற்றொன்றும் உண்டு: 36 மாதப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் ஊசியைக் கடைசி வரை முடித்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேரே; 18 மாதப் பிரிவிலோ பத்தில் ஒன்பது பேர் முடித்தார்கள். 36-ஐ ஆதரிப்பவர்கள் இதைக் காட்டி, முழு மருந்தும் போகாததால்தான் வித்தியாசம் தெரியவில்லை என்பார்கள். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. ஆய்வுக்கென்று தேர்ந்தெடுத்து, செவிலியர் வைத்துக் கவனித்த இடத்திலேயே பாதிப் பேரால் தாங்க முடியாத சிகிச்சையை, ஒவ்வொரு ஊசிக்கும் ஒருநாள் கூலியை விட்டு மதுரைக்கு வர வேண்டியவரிடம் எதிர்பார்க்கும்போது, காகிதத்தில் எழுதும் மாதக் கணக்கும் உடலில் ஏறும் மாதக் கணக்கும் ஒன்றாக இருக்கப் போவதில்லை.

24 மாதம் என்று சொன்னவர் எங்கள் குழுவின் சிறுநீரியல் மருத்துவர். அவருடைய வாதம் எளிது, வலுவும் உடையது: நாம் கதிர்வீச்சைக் கொடுத்தது டாடா ஆய்வின் முறையில், அந்த ஆய்வில் எல்லோருக்கும் குறைந்தது 2 ஆண்டு ஊசி போடப்பட்டது, ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறு பாதியை விடலாமா? இதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது கதிர்வீச்சின் பரப்பைத்தான், ஊசியின் காலத்தை அல்ல. இரு பிரிவினரும் ஒரே அளவு ஊசி பெற்றார்கள்.

இதோடு ஒரு நடைமுறை உண்மையும் சேர்கிறது. கடைசி ஊசியின் மூன்று மாதம் முடிந்த மறுநாளே டெஸ்டோஸ்டிரோன் திரும்பிவிடுவதில்லை. வயது கூடக் கூட, ஊசிக் காலம் நீள நீள, திரும்புவது தாமதமாகிறது; சிலருக்குத் திரும்புவதே இல்லை. 70 வயதுக்காரருக்கு 18 மாதம் ஊசி என்றால் அவருடைய உடல் ஹார்மோன் இல்லாமல் இருக்கப்போகும் காலம் பெரும்பாலும் 2 ஆண்டை நெருங்கிவிடும். இதை 18-ம் 24-ம் ஒன்றுதான் என்று நிறுவும் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் ஆய்வுகளில் பங்கேற்றவர்களுக்கும் இதே நீட்சி இருந்திருக்கும். ஆனால் நாளையே பாதுகாப்பு போய்விடுமோ என்று அஞ்சும் குடும்பத்துக்கு இதை விளக்கிச் சொன்னபோது பாதி அச்சம் விலகியது.

இதயத்தைப் பற்றிய சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. அமெரிக்காவில் 206 பேரிடம் கதிர்வீச்சோடு 6 மாத ஹார்மோன் சிகிச்சை சேர்ப்பதை ஆராய்ந்த டி'அமிகோ குழு 2008-இல் வெளியிட்ட முடிவில், ஹார்மோன் சிகிச்சையால் உயிர்ப் பலன் கிடைத்தது உடன்நோய் இல்லாதவர்களுக்கும் லேசாக உள்ளவர்களுக்கும் மட்டும்தான். நடுத்தரமாகவோ கடுமையாகவோ உடன்நோய் உள்ளவர்களுக்குக் கிடைக்கவில்லை. மாறாக, 8 ஆய்வுகளைச் சேர்ந்த 4,141 பேரின் தரவை 2011-இல் தொகுத்துப் பார்த்தபோது, இதய நோய் இறப்பு ஊசி போட்டவர்களில் 11 விழுக்காடும் போடாதவர்களில் 11.2 விழுக்காடுமாக ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களைத் தனியாகப் பிரித்துத் தெளிவாகச் சொல்லும் அளவுக்கு இரண்டும் போதா. எனவே இதயத்தை முன்னிறுத்தி நிறுத்துகிறோம் என்று நாங்கள் எழுதவில்லை. சர்க்கரை, எலும்பு, தசை ஆகிய மூன்றிலும் இவருக்கு அளந்து காட்டக்கூடிய இழப்பு நேர்ந்திருந்தது. அவையே போதுமான காரணமாக இருந்தன.

முடிவெடுத்த நாள்

கணவன், மனைவி, மகன் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினோம். நோயாளிக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் மட்டும் பேசி முடிக்கும் வழக்கம் இன்னும் இங்கே உண்டு. கால அளவு போன்ற ஒரு விஷயத்தில் அது சரிப்படாது, ஏனென்றால் விலை கொடுப்பவர் நோயாளி.

மகனுடைய அச்சத்தை அவரே சுருக்கமாகச் சொன்னார்: "அரைகுறையா விட்டுட்டோம்னு நாளைக்கு ஆயிரக் கூடாது சார்." அடுத்ததாக அவர் பிடித்துக்கொண்டது பி.எஸ்.ஏ. எண்ணை. ஊசி போடுவதால்தானே 0.02 என்று இருக்கிறது, நிறுத்தினால் ஏறிவிடாதா என்று கேட்டார். கேள்வி சரியானது, இதை விளக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. ஊசியின் பிடியில் இருக்கும்போது பி.எஸ்.ஏ. தாழ்ந்திருப்பது, ஹார்மோன் கிடைக்காமல் செல்கள் அதைச் சுரக்காததாலும் இருக்கலாம், செல்களே இல்லாமல் போனதாலும் இருக்கலாம். இரண்டையும் அந்த எண் பிரித்துக் காட்டாது. கதிர்வீச்சுக்கு முன்பே வேகமாக இறங்கியது நல்ல அறிகுறிதான். ஆனால் இப்போதைய 0.02 நிறுத்தச் சொல்லவும் இல்லை, தொடரச் சொல்லவும் இல்லை. நோய் உண்மையில் அழிந்ததா என்பது ஊசியை நிறுத்தி டெஸ்டோஸ்டிரோன் திரும்பிய பிறகே தெரியவரும். 36 மாதம் போட்டாலும் இந்தப் பரீட்சையைத் தள்ளிப்போடலாமே தவிர, எழுதாமல் இருக்க முடியாது.

நோயாளியிடம், "ஐயா, நிறுத்தினா நோய் திரும்ப வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம், அத உறுதியா சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்ல. தொடர்ந்தா எலும்பும் சர்க்கரையும் இன்னும் கெடும்ங்கிறது மட்டும் ஓரளவு உறுதி. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒன்றர வருசம் இப்பிடிக் கெடந்து எந்திரிக்கிறதுக்கு, இருக்கிற வருசத்த நடமாடிக்கிட்டு இருந்துட்டுப் போறேன் சார்" என்றார். மகன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சென்னை மருத்துவரிடம் தொலைபேசியில் நானே பேசினேன். எலும்புத் திண்மை, சர்க்கரை எண்களைக் கேட்ட பிறகு அவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஏழாவது ஊசி போடப்படவில்லை.

இந்த முடிவு இவருக்கு மட்டும் உரியது. இதே நோயாளிக்குக் க்ளீசன் 9 ஆகவும் விந்துப்பையில் நோய் பரவியும் இருந்திருந்தால், அல்லது வயது 58 ஆகி இதயமும் எலும்பும் நன்றாக இருந்திருந்தால், 18-இல் நிறுத்த நான் சம்மதித்திருக்க மாட்டேன். நீண்ட கால ஊசியையே, முதல் நிலையில் அபிரடெரோனோடும் சேர்த்து, வற்புறுத்தியிருப்பேன். 4 மாதத்தையும் 28 மாதத்தையும் ஒப்பிட்ட பழைய அமெரிக்க ஆய்வு ஒன்றில் நீண்ட சிகிச்சையால் உயிர்வாழ்வு தெளிவாகக் கூடியது க்ளீசன் 8 முதல் 10 வரை உள்ளவர்களிடம்தான் என்பதும் என் மனதில் இருந்தது. இவருக்கே ஊசி நன்றாக ஒத்துப்போயிருந்தால் 24-க்கு ஒப்புக்கொண்டிருப்பேன்.

நிறுத்திய பிறகு

எலும்பைக் காக்கும் மருந்தைக் கொடுக்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, சிறுநீரகச் செயல்பாடு சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு ஸோலெட்ரோனிக் அமிலம் ஒரு முறை சிரை வழியே ஏற்றப்பட்டது. இயன்முறை மருத்துவர் தொடைக்கும் தோளுக்கும் வலுவூட்டும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். மணல் நிரப்பிய இரண்டு தண்ணீர் பாட்டில்களை வைத்து வீட்டிலேயே செய்தார்.

ஆடியில், அதாவது தொடக்கத்திலிருந்து 21-ஆம் மாதத்தில், டெஸ்டோஸ்டிரோன் இன்னும் 20-க்குக் கீழேதான் இருந்தது, வியர்வையும் குறையவில்லை. நிறுத்தியும் ஒன்றும் மாறவில்லையே என்று அவர் சோர்ந்துபோனார். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சமாளிக்க முடிந்தது. 24-ஆம் மாதத்தில் 68, 27-ஆம் மாதத்தில் 190, 30-ஆம் மாதத்தில் 265. இளமைக்கால அளவு அல்ல; ஆனால் இரவில் முற்றத்தில் உட்காருவது நின்றது. எச்பிஏ1சி 7.8-க்கு வந்து இன்சுலின் நிறுத்தப்பட்டது. ஹீமோகுளோபின் 12.4. நாற்காலிச் சோதனை 13 விநாடி. கூடிய எடையில் பாதிதான் குறைந்தது.

பி.எஸ்.ஏ.தான் வீட்டை மறுபடி கலக்கியது. 0.02 ஆக இருந்தது 27-ஆம் மாதத்தில் 0.6 ஆனது. மகன் அன்றிரவே அழைத்துவிட்டார். குரலில் குற்றச்சாட்டும் இருந்தது. கதிர்வீச்சு பெற்றவருக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. அதில் மிஞ்சிய இயல்பான திசு, ஹார்மோன் திரும்பும்போது கொஞ்சம் பி.எஸ்.ஏ. சுரக்கும். அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்தவருக்கு 0.6 என்றால் கவலைப்பட வேண்டும், இவருக்கு அப்படியல்ல. கதிர்வீச்சுக்குப் பின் நோய் திரும்பியதாகக் கொள்ளும் வரையறை, தொட்ட மிகக் குறைந்த அளவுக்கு மேல் 2 கூடுவது. இவருக்கு அது 2.02. அதோடு டெஸ்டோஸ்டிரோன் 68-லிருந்து 190-க்கு ஏறிய அதே மூன்று மாதத்தில்தான் பி.எஸ்.ஏ.-யும் ஏறியது என்பதை இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். இதனால்தான் ஊசியை நிறுத்தியவர்களுக்கு பி.எஸ்.ஏ.-யை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது, டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். ஊர்ப்பக்கத்து ஆய்வகங்களில் பி.எஸ்.ஏ. மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பவும் செய்கிறோம். 30-ஆம் மாதத்தில் பி.எஸ்.ஏ. 0.4.

30 மாதம் என்பது இந்த நோயைப் பொறுத்தவரை குறுகிய காலம். உயர் ஆபத்து நோய் திரும்புவது பெரும்பாலும் இதற்குப் பின்னான ஆண்டுகளில்தான் தெரியவரும் என்பதால், எடுத்த முடிவு சரியென்று இந்த எண்களை வைத்துச் சொல்ல வழியில்லை. இப்போதைக்கு 6 மாதத்துக்கொரு முறை பி.எஸ்.ஏ.-யும் டெஸ்டோஸ்டிரோனும், ஆண்டுக்கொரு முறை எச்பிஏ1சி-யும், அடுத்த ஆண்டு எலும்புத் திண்மை ஸ்கேனும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பி.எஸ்.ஏ. 2.02-ஐத் தாண்டினாலோ, அதற்குக் கீழேயே இருந்தாலும் அடுத்தடுத்த மூன்று பரிசோதனைகளில் இடைவிடாமல் ஏறினாலோ பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்து இடம் கண்டறிந்த பிறகே மறுசிகிச்சை பற்றிப் பேசுவது என்றும், எண் ஏறியதைக் கண்டு பதறி வெளியே யாரிடமும் ஊசியை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டாம் என்றும் மகன் முன்னிலையில் சொல்லி, அந்த அட்டையின் பின்புறம் எழுதியும் கொடுத்தோம்.